வாலிபர் கூட்டத்தில் "பைபிளை மாத்திட்டாங்க" என்ற கேள்வி: எப்படிப் பதில் சொல்வது?

சிப்புட் வாலிபர் சபை
ஸ்தோத்திரம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துச் சபை. படிவம் 4, 5 பிள்ளைகள் பதினைந்து பேர் வருகிறார்கள். "கையால எழுதி எழுதி எத்தனையோ தடவை மாத்திட்டாங்களாம், அப்புறம் எப்படித் தேவனுடைய வார்த்தைன்னு நம்புறது?" என்று கேட்கிறார்கள். "விசுவாசி, போதும்" என்று சொல்லி அனுப்ப மனமில்லை. ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

ஈப்போ வேதபாடம்
சிஸ்டர், ஏசாயாவில் தொடங்குங்கள். 1947-ல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று முழுமையாக இருக்கும் எபிரெய வேதாகமப் பிரதிகளில் பழையதான லெனின்கிராட் பிரதி கி.பி. 1008-ல் எழுதியது. இடையில் ஆயிரம் வருஷத்துக்கும் மேல். யாராவது புத்தகத்தையே மாற்றியிருந்தால் இங்கே பிடிபட்டிருக்கும். 66 அதிகாரமும் அதே வரிசையில் இருக்கின்றன. வித்தியாசமே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நிறைய உண்டு, பெரும்பாலும் எழுத்துக்கூட்டலும் சிறு சொற்களும்தான்.

சுருளின் நீளம் சுமார் 7.3 மீட்டர். ஏ4 தாள் 25-ஐ நீளமான பக்கம் படுக்கையாக வரும்படி வரிசையாக ஒட்டினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். சுவரில் ஒட்டுங்கள், பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

பிறகு நான்கு பேரிடம் ஒரே பத்தியைக் கொடுத்து 8 நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். பாடம் பண்ணிய வசனம் வேண்டாம், ஞாபகத்திலிருந்து திருத்திவிடுவார்கள். ஒரே சொற்றொடர் இரண்டு வரியில் வரும் பத்தியாக எடுங்கள். யாராவது முதல் வரியிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிட வாய்ப்பு அதிகம். ஏசாயா 40:7, 8 இரண்டிலும் "புல் உலர்ந்து, பூ உதிரும்" வருகிறது. கும்ரான் சுருளை எழுதியவர் நடுப்பகுதியை விட்டிருக்கிறார். பின்னால் வேறொரு கை அதைச் சேர்த்திருக்கிறது. அது இன்றும் சுருளில் தெரிகிறது.

மூலத்தை மறைத்துவிட்டு நான்கு தாளையும் வேறு பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒவ்வொருவர் தப்பும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒப்பிட்டே சரியான வாசகத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிரதி கூடக்கூட வித்தியாசமும் கூடும், அதைக் கண்டுபிடிக்கும் வழியும் கூடும். புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கு மேல் கையெழுத்துப் பிரதிகள் உண்டு.

தெலுக் இந்தான் வாசகர்
கடினமான இடங்களை நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். இணையத்தில் வேறொருவர் காட்டினால் பிள்ளைகள் உங்களையும் நம்பமாட்டார்கள். 1 யோவான் 5:7-ஐப் பழைய தமிழ் வேதாகமத்திலும் கத்தோலிக்கரின் திருவிவிலியத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற பகுதி இரண்டாவதில் இல்லை. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் சேர்க்கவில்லை, 1522-ல்தான் சேர்த்தார். திரித்துவத்துக்கு மத்தேயு 28:19 இருக்கிறது, ஆகவே உபதேசம் விழாது. மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை, இவற்றையும் அதே மாதிரி சொல்லிவிடுங்கள்.

சிப்புட் வாலிபர் சபை
நன்றி. பிரதி சரியாக வந்தது என்று காட்டினாலே தேவனுடைய வார்த்தை என்று ஆகிவிடுமா? அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.

ஈப்போ வேதபாடம்
ஆகாது. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அங்கேதான் பலர் அவசரப்பட்டு வழுக்குகிறார்கள். பிரதிகள் காட்டுவது ஒன்றுதான்: எழுதியவர்கள் சொன்னது நம் கையில் இருக்கிறது. வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று சொல்லும் 2 தீமோத்தேயு 3:16-ஐ உடனே எடுத்தால், வேதத்துக்கு வேதமே சாட்சியா என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. லூக்கா 1:1-4-ல் தொடங்குங்கள். கண்ணாரக் கண்டவர்களிடம் கேட்டு விசாரித்து எழுதியதாக லூக்கா சொல்கிறார். இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் செதுக்கிய கல் 1961-ல் செசரியாவில் கிடைத்ததையும் காட்டலாம். அங்கிருந்து இயேசுவிடம் போங்கள்: அவர் யார், உயிர்த்தெழுந்தாரா? அதற்கு ஆம் என்றால், அவர் வேதத்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்று லூக்கா 24:44-ஐ வாசிக்க வையுங்கள். கடைசி அரைமணியை இதற்கே விடுங்கள்.

இன்னொன்று: மற்ற மதத்தாரின் வேதத்தை இழுத்து ஒப்பிட வேண்டாம். பிள்ளைகள் மறுநாள் பள்ளியில் போய் அதைத்தான் பேசுவார்கள்.