பழைய வேன் ஏசி: ப்ளோயர் 4-ல் மட்டும் ஓடுது, கால் பக்கம் சூடு

வேளச்சேரி_வேன்:
2009 மாடல், எட்டு சீட், பெட்ரோல். கேபிள் வைத்த திருகு கன்ட்ரோல். ப்ளோயர் 1, 2, 3-ல் அசையவே இல்லை, 4-ல் நல்லா ஓடுது. திருகை முழுக்க நீலத்தில் வைத்தாலும் டிரைவர் கால் பக்கம் சூடு வருது. ஓஎம்ஆர் சிக்னலில் நின்றால் இருக்கிற குளிர்ச்சியும் போயிடுது. மெக்கானிக் கேஸ் போடச் சொல்றார். போடலாமா?

மல்டிமீட்டர்:
இப்போதைக்குக் கேஸ் வேண்டாம் சார். ப்ளோயர்ல போனது ரெசிஸ்டர், அதாவது கரன்ட்டைத் தடுத்து ஸ்பீடைக் குறைக்கிற பாகம். 4-ல் கரன்ட் நேரே மோட்டாருக்குப் போகும். மற்ற மூணும் ரெசிஸ்டர் வழியாகத்தான். பெரும்பாலும் கிளவ் பாக்ஸ் பின்னால், ப்ளோயர் டக்ட்டில் இரண்டு ஸ்க்ரூவில் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு எடுத்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்க. நல்ல ரெசிஸ்டர் சுருள் அரை ஓமிலிருந்து சில ஓம் வரை காட்டும். மூணு ஸ்பீடும் ஒரே நேரத்தில் போயிருப்பதால் அதிலுள்ள, சூடு மீறினால் அறுகிற தெர்மல் ஃபியூஸ் அறுந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் கம்பி வைத்துப் பற்றவைக்கவே கூடாது, டக்ட் உருகிடும்.

புதுசு மட்டும் மாட்டிட்டு விட்டுடாதீங்க. ரெசிஸ்டரைக் குளிர வைப்பதே டக்ட் காற்றுதான். ப்ளோயர் வீலில் இலை, தூசி அடைத்தாலும், புஷ் தேய்ந்து மோட்டார் இறுகினாலும் திரும்ப எரியும். வீலைக் கையால் சுத்திப் பாருங்க, தங்காமல் சுத்தணும்.

கூலன்ட்:
கால் பக்கச் சூட்டுக்கு முதலில் கேபிள். திருகை நீலக் கடைசியில் வைத்து, ஹீட்டர் பாக்ஸில் கேபிள் இழுக்கிற லீவரைப் பாருங்க. அதுவும் கடைசிவரை போயிருக்கணும். போகலைன்னா கிளிப்பைத் தளர்த்தி, லீவரைக் கையால் முழுக்கத் தள்ளி, கேபிள் உறையை அப்படியே பிடித்துக் கிளிப் போடுங்க.

கேபிள் சரின்னா, ஹீட்டருக்குப் போகிற சுடுதண்ணியை நிறுத்துகிற வால்வு. இன்ஜின் சூடானதும், துணி சுத்தின கையால், வால்வைத் தாண்டிப் போகிற ஹோஸைத் தொடுங்க. சுட்டால் வால்வு மூடலை. (வால்வே இல்லாத வேனும் உண்டு, அதில் இரண்டு ஹோஸும் எப்பவும் சுடும்.) நம்ம ஊருக்கு ஹீட்டரே தேவையில்லை என்று ஹீட்டர் ஹோஸ் முனைகளை அடைக்காதீங்க. சில இன்ஜினில் ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணி சுற்றுவது அந்த வழியில்தான். இன்ஜின் ஆறினபிறகு, இன்ஜின் பக்கத்து இரண்டு முனையையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுங்க. ஐப்பசி மழையில் கண்ணாடி மங்கினால் ஏசியே ஈரத்தை எடுத்துடும்.

கண்டென்சர்:
ஓடினால் குளிர்ச்சி, நின்றால் சூடு என்றால் என் முதல் சந்தேகம், ஏசி கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரோட ஃபேன். ஏசி போட்டு ஐடிலில் விட்டு, கண்டென்சர் மேல் ஒரு குடம் தண்ணியை மெதுவா ஊத்துங்க. உடனே காற்று ஜில்லுன்னு ஆனால் ஃபேனோ, அடைப்போதான். ஃபேன் பின்னாலிருந்து இழுக்கிற வகைன்னா, முன்னால் பிடித்த நியூஸ்பேப்பர் ஒட்டிக்கணும். விலகினால் ஒயர் மாறி ரிவர்ஸில் சுத்துது. கழுவும்போது பிரஷர் கன் வேண்டாம், அதிலுள்ள மெல்லிய தகடு (ஃபின்) மடிஞ்சிடும்.

வேளச்சேரி_வேன்:
தண்ணி ஊத்தினதும் ஜில்லுன்னு ஆச்சு. ஃபேன் ரொம்ப மெதுவா சுத்துது. ரெசிஸ்டர் கனெக்டரில் ஒரு முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் சுருங்கியிருக்கு.

மல்டிமீட்டர்:
அந்தக் கனெக்டரையும் ஒயர் துண்டோடு மாத்துங்க, லூஸ் முனைதான் சூடேறும். ஃபேனுக்கு ஓடும்போது 12 வோல்ட்டுக்கு மேல் வருதா பாருங்க. வந்தும் மெதுவா சுத்தினால் மோட்டார். குறைந்தால் எர்த், ரிலே. ரெசிஸ்டர் ஜிபி ரோட்டில் புதுசாவே வாங்குங்க, கனெக்டர் மட்டும் புதுப்பேட்டையில் பழசு போதும்.

கண்டென்சர்:
இதெல்லாம் முடிஞ்சும் குளிர்ச்சி பத்தலைன்னா மட்டும் கேஸ் பிரஷர் பார்க்கிற கேஜ் மாட்டுங்க. ஆர்-134ஏ கேஸுக்கு, 35 டிகிரி வெயிலில் லோ சைடு சுமார் 30–45, ஹை சைடு 200–250 பிஎஸ்ஐ. இரண்டும் குறைவுன்னா முதலில் லீக்கைத் தேடணும், பிறகுதான் கேஸ். அதையும் வண்டி ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு எடை போட்டு ஏத்தச் சொல்லுங்க.