"எந்த மருந்து அடித்தார்?"

பதினோரு வருஷமாக அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வயலிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். பூச்சிக்கொல்லியையும் நாம் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே ஆளைக் கொஞ்சம் அசட்டையாக இருக்க வைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

ஒருவரை மறக்கவே முடியவில்லை. காலையிலிருந்து தெளித்துக்கொண்டிருந்தவர். முதுகில் மாட்டியிருந்த டேங்க் ஒழுகியிருக்கிறது. சட்டை நனைந்ததை வியர்வை என்று நினைத்துவிட்டார். எங்களிடம் வரும்போது வாயில் நுரை, மூச்சில் கறகறப்பு, கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சட்டையைக் கத்தரித்து எடுத்து, சோப்புப் போட்டு முதுகைக் கழுவினோம். வாய் வழியாக ஒரு சொட்டுகூடப் போகவில்லை, எல்லாம் தோல் வழியாகத்தான். அப்புறம் அதற்கு முறிவு மருந்தான அட்ரோபின். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்போம். கறகறப்பு அடங்கவில்லையா, முன்பு போட்டதைப் போல இரண்டு மடங்கு.

அவர் மனைவி காலி பாட்டிலை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். லேபிளில் மிகக் கொடிய நஞ்சு என்பதற்கான சிவப்புக் குறி. மோனோகுரோட்டோபாஸ். உலக சுகாதார நிறுவனம் அதிக ஆபத்தானவை என்று வகைப்படுத்தியிருக்கும் நஞ்சுகளில் ஒன்று. ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார்.

"கையுறை போட வேண்டியதுதானே" என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். உச்சி வெயிலில் ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க யாரால் நிற்க முடியும்? இவ்வளவு கொடிய சரக்கு விற்பனைக்கு வந்ததே தப்பு. இலங்கை 1995இல் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும் நிறுத்தியது, 1998இல் எண்டோசல்ஃபானை. இவற்றைக் குடித்து உயிரை மாய்த்துக்கொள்பவர்களும் உண்டு; அடுத்த இருபது வருஷத்தில் அங்கே தற்கொலைச் சாவு விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. விளைச்சல் அதனால் விழவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பதில்:
எங்கள் வீட்டில் நடந்தது. மீதியிருந்த பாராகுவாட் களைக்கொல்லியை யாரோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். தம்பி மகன், அப்போது ஆறு வயது, மூடியைத் திறந்தான். நாற்றம் தாங்காமல் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். தரையெல்லாம் நீலப்பச்சை. தெரியாமல் குடித்துவிடக்கூடாது என்றுதான் அந்த நிறத்தையும் நாற்றத்தையும் சேர்க்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படிச் சேர்க்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

மீண்டும் நான்:
பிள்ளை தப்பித்தான், அது போதும். பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும் என்பதால், மூச்சுத் திணறுபவருக்கு அதைக்கூட எடுத்ததுமே கொடுக்க முடியாமல் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் பாராகுவாட்டுக்கான அனுமதியை 2007இல் நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. வீட்டில் இன்னும் மீதி இருந்தால், தயவுசெய்து லேபிள் உள்ள பழைய பாட்டிலிலேயே பூட்டி வையுங்கள்.