'கோரி'க்குத் தமிழ்: கொப்பரையா, குழிசியா?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகள் பற்றிய புவியியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பனியாறு குடைந்த, மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர் எழுந்த பள்ளத்தை அங்கே 'கோரி' என்கிறார்கள். அங்குள்ள கெயிலிக் மொழியில் அச்சொல்லுக்குக் கொப்பரை, அதாவது வாயகன்ற பெரிய பாத்திரம், என்று பொருள். நம் பாடநூல்களில் உள்ள 'சர்க்' பிரெஞ்சு வழி வந்தது. அதில் கொப்பரை தெரியாது. 'பனிக்கொப்பரை' எனலாமா? உள்ளே தேங்கும் சிற்றேரிக்குச் 'சுனை' வைத்துவிட்டேன்.

தமிழாசிரியர்:
சுனை அருமை. 'பனிக்கொப்பரை' கூடாது. 'கோரி அன் ட்ரெக்க' என்ற பெயருக்கே பனியின் கோரி என்றுதான் பொருள். அதைப் பனிப் பனிக்கொப்பரை என்பீர்களா? வெறும் கொப்பரை என்றால் மாணவர் தேங்காயை நினைப்பார்கள். புறநானூறு 168இல் மலைவாழ் குறவர் மான்தசை வேகவைத்த பானை 'குழிசி'. மலைக்குரிய சொல் கையில் இருக்க வேறெங்கும் தேட வேண்டாம்.

மற்றொருவர்:
குழி, குழிசி, கோரி மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு.

மொழியியல் மாணவி:
ஐயா, அது பொருந்தாது. பழைய ஐரிஷில் 'கொரெ', வெல்ஷில் 'பைர்', பழைய நார்ஸில் 'ஹ்வெர்' எல்லாம் கொப்பரையைக் குறிக்கும் ஓரினச் சொற்கள். தொடக்கத்தில் இருந்த 'க்வ' ஒலிதான் வெல்ஷில் பகரமாயிற்று. அங்கே நம் ழகரத்துக்கு இடமில்லை. இன்னொன்று: 'கெய்ர்ன்கார்ம்' என்பது 1245 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்தின் பெயர், நீலக் கற்குவியல் என்று பொருள். அது பின்னால் மலைத்தொகுதி முழுவதற்கும் பரவியது. கெயிலிக்கில் அத்தொகுதியின் பழம்பெயர் செம்மலை. உடைந்த கருங்கல் அங்கே இளஞ்சிவப்பாக இருக்கும். கையேட்டில் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். ஆங்கில நிலப்படம் மூடிவிட்ட பெயர் அது.

மொழிபெயர்ப்பாளர்:
செம்மலையைச் சேர்த்துவிட்டேன். குழிசியை ஒன்பதாம் வகுப்பு மாணவர் அகராதியில்தான் தேட வேண்டும். பெரும்பாலோர் 'கொப்பரைப் பள்ளம்' போதும் என்கிறார்கள். முதல் இடத்தில் அருகே 'சர்க்' போட்டு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். சுனையை ஏற்ற மாணவன் குழிசியையும் ஏற்பான். பிரேரியாக் மலையில் 'கரடான கோரி' என்றே ஓரிடம் இருக்கிறது. அதைக் 'கரட்டுக் குழிசி' என்றால் நிலப்படத்தில் அடங்கும். 'கரட்டுக் கொப்பரைப் பள்ளம்' பக்கத்து மலைமேல் ஏறிவிடும்.