புதுப்பிப்பு: தமிழ்நாட்டில இருந்து இலங்கைக்கு ஜமுனாபாரி ஆடு கொண்டுவரக் கேட்டிருந்தேன்

போன மாதம், 5 மறியும் (பெட்டை ஆடு) ஒரு கிடாயும் இறக்க என்னென்ன கடிதம் தேவை என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

இறக்குமதியைக் கைவிட்டேன். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டப்படி, ஆடு அங்கிருந்து வெளிக்கிட முதலே பேராதனையில் இருக்கிற கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிறகு அந்த நாட்டு அரச வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ், இங்கே தனிமைப்படுத்தல். ஆறு ஆட்டுக்கு இது கட்டாது. படகில் ஏற்றலாம் என்று ஒருவர் காதுக்குள் சொன்னார். கால்வாய் நோயையும் (காலிலும் வாயிலும் புண் வருகிற கோமாரி) சேர்த்து ஏற்றுகிற வேலை அது.

"வவுனியாவில கலப்பினம் வாங்குங்கோ அண்ணை" என்ற யோசனைதான் சரிவந்தது. மிருக வைத்தியரின் சான்றிதழும் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரமும் எடுத்தே லொறியில் ஏற்றினேன். வழியில் பொலிஸ் மறித்துத் தலை எண்ணிப் பார்த்தது.

எதிர்பாராதது: கிளிநொச்சிக்கு வந்த நாலாம் நாள் ஒரு மறியின் உதட்டோரம் பொருக்குப் பொருக்காகப் புண். கால்வாய் நோயோ என்று நெஞ்சு திக்கென்றது. குளம்பு, நாக்கு எல்லாம் பார்த்த வைத்தியர் வேறு வைரஸ் என்றார். மனிசருக்கும் தொற்றுமாம், கையுறை போடச் சொன்னார். நல்லகாலம், புது ஆடுகளைப் பழைய பட்டியோடு விடாமல் தனிக் கொட்டிலில் கட்டியிருந்தேன். மூன்று கிழமையில் பொருக்கு உதிர்ந்துவிட்டது.