ஃபுல்-அப்கிரேடுக்கு 'முழு' வேண்டாம்

வணக்கம். டெபியன் லினக்ஸில் மென்பொருள்களை நிறுவி நீக்கும் ஆப்ட் (apt) கருவியின் கட்டளைகளுக்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில், ஃபுல்-அப்கிரேடுக்கு (full-upgrade) அக்கா எழுதியது:

> 'முழு மேம்படுத்தல்' என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

அக்கா, அந்தச் சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

போன மாதம் வேளச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி நம் கையேட்டைப் பார்த்தபடி 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' அடித்தாள். டெபியனுடையதல்லாத வெளிக் களஞ்சியம் (மென்பொருள் கிடைக்கும் இடம்) ஒன்றை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தாள். நீக்கப்படும் பொதிகளின் (மென்பொருள் கட்டுகளின்) பட்டியல் திரையில் நாலு வரிக்கு ஓடியது. நடுவே திரைமுகப்பைத் தரும் க்னோம்-ஷெல், நுழைவுத் திரையைத் தரும் ஜிடிஎம்3. படிக்காமல், சம்மதம் என்று ஒய் (Y) தட்டிவிட்டாள். மறுபடி கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் 'லாகின்' மட்டும் நிற்கிறது. "அண்ணா, முழுசா மேம்படுத்தும்னுதானே போட்டிருக்கு? எடுத்துடும்னு எங்க சொல்லியிருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த வரியை எழுதியவன் நான்.

ஆப்ட் அப்டேட் பொதிப் பட்டியலை மட்டும் புதிதாக்கும். மென்பொருள் எதையும் தொடாது. அப்கிரேட் புதிய பதிப்புகளை நிறுவும், தேவைப்பட்டால் புதுப் பொதியும் சேர்க்கும், ஆனால் இருக்கும் எதையும் நீக்காது. நீக்கினால்தான் ஆகும் என்றால் அந்தப் பொதியைப் பழைய பதிப்பிலேயே விட்டுவிடும். ஃபுல்-அப்கிரேடோ, சார்புகள் (ஒரு பொதி இயங்க வேறு பொதி தேவைப்படுவது) முட்டிக்கொண்டால் ஒன்றை நீக்கியாவது மற்றதை ஏற்றும். பயனருக்கு முக்கியமான வேற்றுமை இந்த நீக்கல்தான். 'முழு' அதையே மறைக்கிறது. பழைய பெயரான டிஸ்ட்-அப்கிரேடும் இதைச் சொன்னதில்லை. ஆங்கிலப் பெயரில் விட்டுப்போனதைத் தமிழிலும் ஏன் விட வேண்டும்?

என் முன்மொழிவு: அப்கிரேடுக்கு 'நீக்கா மேம்படுத்தல்', ஃபுல்-அப்கிரேடுக்கு 'நீக்கும் மேம்படுத்தல்'.

'நீக்கும்' என்றால் ஒவ்வொரு முறையும் நீக்கும் என்று ஆகாதா என ஐயா கேட்டிருந்தார். கடிக்கும் நாய் என்கிறோம். அது நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, பார்த்துப் போகிறார்கள். அந்தப் 'பார்த்துப் போவது'தான் எனக்கு வேண்டும்.

ஃபுல்-அப்கிரேடுக்கு இன்னொரு யோசனையான 'களைந்து மேம்படுத்தல்' காதுக்கு இனிமைதான். ஆனால் களை என்றாலே வேண்டாதது. இங்கே போவது வேண்டிய பொதியாகவும் இருக்கலாம். சார்புக்காகத் தானாக வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாத பொதிகளை எடுக்கும் ஆட்டோரிமூவ் கட்டளைக்குக் 'களைதல்' என்பதை வைத்துக்கொள்வோம்.

கட்டளையோடு மைனஸ் எஸ் (-s) கொடுத்து, எதையும் மாற்றாமல் நடக்கப்போவதை முன்கூட்டியே பார்க்கிறோமே, அதற்கு 'ஒத்திகை'. மார்கழியில் சபாவுக்குச் சபா கச்சேரி நடக்கும் ஊரில் இதற்கு விளக்கமே தேவைப்படாது.

நீக்கும் மேம்படுத்தலை யாரும் அஞ்சி ஒதுக்கவும் வேண்டாம். டெபியன் 12-இலிருந்து 13-க்கு ஏற அது தேவை. வெளியீட்டுக் குறிப்பும் முதலில் நீக்கா மேம்படுத்தல், அடுத்து இது என்றுதான் வரிசை சொல்கிறது.

மறுப்பில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கையேட்டை இப்படித் திருத்திவிடுகிறேன்: "முதலில் ஒத்திகை பாருங்கள். நீக்கப்படும் பொதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். தெரிந்த பெயர் ஒன்று அதில் இருந்தால், உண்மையான கட்டளை சம்மதம் கேட்கும்போது வேண்டாம் என்று N தட்டுங்கள்."

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து