அம்மா எனக்காக இரவில் விழித்திருந்தாரா?

வைகறை:

என் மகளுக்கு 7 மாதங்கள் நிறைந்துவிட்டன. இரவில் இரண்டு மூன்று முறை விழித்து அழுகிறாள்; நான் எழுந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூச்சு சீராகும்வரை அறைக்குள்ளேயே நடக்கிறேன். அந்த நேரங்களில் ஒரே கேள்விதான் மனத்தில் சுற்றி வருகிறது: என் அம்மாவும் எனக்காக இப்படி நடந்திருப்பாரா?

அம்மா இறந்தபோது எனக்கு வயது 19. அவரைப் பற்றி என் நினைவில் தங்கியிருப்பதில் பெரும்பகுதி அவருடைய முதுகுதான். சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்; நான் அழைத்தால் உடனே திரும்பமாட்டார்; இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அழைத்த பிறகு, வெகுதொலைவிலிருந்து வருபவரைப் போல மெல்லத் திரும்பி, "என்ன?" என்பார். அவர் என்னை அடித்ததில்லை, கடுஞ்சொல் சொன்னதும் அரிது. ஆனால் என்னை அள்ளியெடுத்துக் கொஞ்சியதாக ஒரு காட்சிகூட என்னிடம் இல்லை. அப்பாவிடம் கேட்டால், "உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

இத்தனை ஆண்டுகளாக இது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. மிகவும் களைத்திருக்கும் சில நாள்களில், மகளின் குரல் காதில் விழுந்தும் ஒரு நொடி தாமதித்தே திரும்புகிறேன். அந்த ஒரு நொடியில் அம்மாவின் முதுகு எனக்கும் வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். தாயை இழந்த பிறகு தாயானவர்கள், கேட்டறிய முடியாத அந்த முதல் ஆண்டுகளை எப்படித் தேடிக் கண்டீர்கள்?

முன்னாள் செவிலி:

அன்புத் தங்கைக்கு, மகப்பேற்றுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் அந்தக் காட்சி இல்லாததை, அது நடக்கவே இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். பெரியவர்கள் நினைவுகூரும் மிகப் பழைய நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. அதற்கு முற்பட்டவை ஏறக்குறைய எல்லோருக்கும் மறைந்துவிடுகின்றன. நினைவுகளைக் கோத்து வைக்கும் மூளைப்பகுதி அந்த வயதில் வளர்ந்துகொண்டே இருப்பதையும், நடந்ததைச் சொல்லி வைக்க மொழி வந்திராததையும் காரணங்களாகக் கூறுகிறார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை மிகுதியாகத் தூக்கிச் சுமக்கும் காலமும், அந்தப் பிள்ளை பின்னாளில் முற்றிலும் மறந்துவிடும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. உங்கள் மகளும் நீங்கள் நடக்கும் இந்த இரவுகளில் ஒன்றையேனும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

ஆனால் நினைவில் நிற்காதது ஒன்றுமில்லாமல் போய்விடுவதும் இல்லை. 1980இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சப்புவதற்கான ஒரு ரப்பர் காம்பை வைத்து, அவர்கள் சப்பும் முறையைப் பொறுத்துத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்குமாறு அமைத்தார்கள். குழந்தைகள் தாயின் குரல் வரும்படி தங்கள் சப்பும் முறையை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் அம்மா எவ்வளவு குறைவாகப் பேசியிருந்தாலும், அவருடைய குரலைப் பிரித்தறிந்துதான் நீங்களும் பிறந்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சற்றுத் தயக்கத்துடன். சன்னலோரம், தாமதமாகத் திரும்பும் முகம், வெகுதொலைவிலிருந்து வருவது போன்ற குரல் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, நான் பார்த்த பல தாய்மார்கள் நினைவுக்கு வந்தார்கள். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வு சிலருக்குச் சில வாரங்களில் நீங்கிவிடாமல், கவனிப்பாரின்றி ஆண்டுக்கணக்கில் நீள்வதுண்டு. அதைக் கண்டறிய உதவும், 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987இல்தான் வெளியானது. அது பரவலான பயன்பாட்டுக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. பார்த்திராத ஒருவரின் நோயை நான் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் மாட்டேன். எனினும் அது அன்பின்மையாக அல்லாமல் நோயாக இருந்திருக்கவும் கூடும் என்ற இடத்தை மனத்தில் விட்டுவையுங்கள். உங்களுடைய களைப்பு உறக்கத்தாலும் தீரவில்லை என்றால், தயவுசெய்து ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.

கார்த்திகை:

மேலே எழுதியவரின் கனிவை மதிக்கிறேன். ஆனாலும் வேறொரு பக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் அம்மா உயிருடன் இருக்கிறார். அவருடைய கடுமை எனக்குத் தெளிவாகவே நினைவிருக்கிறது. நான் தாயானால் அவரைப் புரிந்துகொள்வேன் என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். நடந்தது அதற்கு மாறானது: என் மகனை முதன்முதலாக மடியில் கிடத்தியபோது, இவ்வளவு சிறிய உயிரிடம் எப்படி அப்படி நடந்துகொள்ள முடிந்தது என்ற கேள்விதான் எழுந்தது, கோபம் கூடியது. எனவே அம்மாவை மன்னிப்பதற்கோ அழகாக்குவதற்கோ உங்களை நீங்களே வற்புறுத்திக்கொள்ள வேண்டாம்.

அம்மாவின் முதுகு உங்களுக்கும் வந்துவிட்டதோ என்ற அந்த அச்சத்துக்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் உண்டு. குழந்தைகளின் மனநலத்தை ஆராய்ந்த செல்மா ஃப்ரைபெர்க் என்பவர் 1975இல் தம் உடனுழைப்பாளர்களுடன் எழுதிய கட்டுரையில், துன்பமான பிள்ளைப்பருவத்தைக் கடந்து வந்த பெற்றோர்களில் யார் அதைத் தம் பிள்ளையிடம் திரும்பச் செய்கிறார்கள், யார் செய்வதில்லை என்று ஆராய்ந்தார். நிகழ்ச்சிகளை மட்டும் நினைவில் வைத்து, அன்று பட்ட வலியை மறந்தவர்களே அதே தவற்றைத் திரும்பச் செய்கிறார்கள் என்பதும், அந்த வலியும் நினைவிலிருப்பவர்கள் பெரும்பாலும் அதிலிருந்து தப்பிவிடுகிறார்கள் என்பதும் அவருடைய கருத்து. மூன்றாம் முறை அழைத்துவிட்டுக் காத்து நின்ற சிறுமியின் வலி உங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஒரு நொடியை நீங்கள் கவனித்ததற்கே அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெய்தல்:

என் அம்மாவுக்கு மறதிநோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கேட்க வேண்டியவற்றையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், இன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாருடைய பிள்ளை?" என்று என்னிடமே கேட்கிறார். உங்கள் அம்மாவுடன் பிறந்தவர்கள், அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என யாரேனும் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "இரவில் நான் அழுதால் யார் எழுந்தார்கள், விளக்கு எங்கே இருந்தது, நான் எங்கே படுத்திருந்தேன்?" என்று கேட்டுப் பாருங்கள்.

வைகறை:

மூவருக்கும் நன்றி. நெய்தல் சொன்னபடியே பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். இரவில் யார் எழுந்தார்கள் என்று கேட்டதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான்தான் எழுந்தேன்" என்றார். முதல் நான்கு மாதங்கள் அம்மா என்னைத் தூக்கவே இல்லையாம். பக்கத்தில் கிடத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாராம். என்ன செய்வதென்று தெரியாமல் பெரியம்மா தம் வீட்டை விட்டு வந்து எங்களுடனேயே தங்கிவிட்டார். இதை அப்பா ஏன் சொல்லவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

ஒரு நாள் பெரியம்மா கடும் காய்ச்சலில் எழ முடியாமல் படுத்திருந்தபோது, நான் அழுதுகொண்டே இருந்திருக்கிறேன். நெடுநேரம் கழித்து அழுகை நின்றுவிடவே, பெரியம்மா பதறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்திருக்கிறார். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டிலேயே, விளக்கைக்கூட ஏற்றாமல் நடந்துகொண்டிருந்தாராம். மறுநாள் பெரியம்மா என்னை வாங்கக் கை நீட்டியபோது கொடுக்கவில்லையாம்.

இதைக் கேட்டபோது நான் எதிர்பார்த்த ஆறுதல் வரவில்லை. முதல் நான்கு மாதங்களை எண்ணித்தான் அழுதேன், எனக்காக அழுததைவிட அவருக்காகவே மிகுதியாக அழுதேன். முன்னாள் செவிலி அவர்களே, மருத்துவரைப் பார்க்க நாளைக்கு நேரம் பெற்றிருக்கிறேன். பெரியம்மா அடுத்த மாதம் இங்கே வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா நடந்த அந்த அறையைப் பற்றி அவரிடம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.