குராசோ ஒரு நாடா, ஹாலந்தின் 'பி' டீமா?

பத்தாம் நம்பர்:
2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு எந்தக் கொடி கட்டுவது என்ற பேச்சில் வடசேரி வாசகன் அண்ணாச்சி நேற்று ஒரு வரி எழுதியிருந்தார்: "குராசோ தகுதி பெற்றதற்கு இத்தனை கொண்டாட்டமா? அது நாடே இல்லை, ஹாலந்தின் பி டீம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனியாகத் தொடங்குகிறேன்.

கரீபியன் கடல் தீவான குராசோவில் மொத்தமே ஒன்றரை லட்சத்துச் சொச்சம் பேர். நம் குமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 18.7 லட்சம். அதாவது நம் மாவட்டத்துக்குள் பத்து குராசோவுக்கு மேல் அடங்கும். அந்தத் தீவு 2025 நவம்பர் 18 அன்று கிங்ஸ்டனில், ஜமைக்காவின் சொந்த மைதானத்தில் 0-0 என்று தாக்குப்பிடித்துத் தகுதி பெற்றது. ஜமைக்கா அடித்த பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நேரத்தில் கொடுத்த பெனால்டியை நடுவர் வீடியோ பார்த்து ரத்து செய்தார். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதிலேயே மிகச் சிறிய நாடு அதுதான். அதே தேதியில் டாக்காவில் 140 கோடிப் பேரின் இந்தியா வங்கதேசத்திடம் 1-0 தோற்றது. இதில் யாருக்குப் பெருமை என்று அண்ணாச்சி சொல்லட்டும்.

வடசேரி வாசகன்:
தம்பி, கோபம் வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஆட்டக்காரர்கள் எங்கே பிறந்தார்கள்? ஏறக்குறைய எல்லோரும் ஹாலந்தில். தகுதிச் சுற்றில் கோச்சாக இருந்த டிக் அட்வகாட்டும் ஹாலந்துக்காரர். பாஸ்போர்ட்டும் டச்சு. 2010இல் தன்னாட்சி கிடைத்ததே தவிர, இன்றும் நெதர்லாந்து ராஜ்யத்துக்குள்தான் இருக்கிறது. பெருமைக்கு உதாரணம் வேண்டுமா? ஐஸ்லாந்து. அன்றைக்கு மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத நாடு 2016 யூரோவில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு கோச்களில் ஒருவர் பல் டாக்டர். குளிருக்கு உள்ளரங்க மைதானம் கட்டி, சொந்தப் பிள்ளைகளைப் பழக்கி வளர்த்த அணி.

முட்டம் அலை:
முதலில் நாடு என்றால் என்ன என்று யாராவது சொல்லுங்கள். ஐ.நா. கணக்கா, ஃபிஃபா கணக்கா?

பத்தாம் நம்பர்:
ஐஸ்லாந்தை நானும் கும்பிடுகிறேன். 2018இல் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்த கோலி, அதாவது கோல்கீப்பர், சினிமா எடுக்கிறவர் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் பிறந்த ஊரை அளவுகோலாக வைத்தால் எத்தனை பேரை வெளியே தள்ளுவீர்கள்? 2018 இறுதிப் போட்டிக்கு வந்த குரோஷியாவுக்கு நாற்பது லட்சம் பேர்தான். அதில் ராக்கிடிச் பிறந்தது சுவிட்சர்லாந்தில், கோவாசிச் ஆஸ்திரியாவில். உருகுவேயின் கோலி முஸ்லேரா பிறந்தது புவனஸ் அயர்ஸில். 1930லும் 1950லும் கோப்பை எடுத்த உருகுவேயும் பி டீமா?

இன்னொன்று. என் அப்பா 1950இல் விளவங்கோட்டில் பிறந்தவர். அன்றைக்கு அது திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1க்கு அப்புறம்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். அப்படியென்றால் என் அப்பா தமிழ்நாட்டுக்காரர் இல்லையா?

வடசேரி வாசகன்:
உங்கள் அப்பாவை யார் இழுத்தது? ராக்கிடிச் ஒருவர், கோவாசிச் ஒருவர். இங்கே டீமே அப்படி. தகித் சோங் ஒருவர்தான் தீவில் பிறந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. மறுபடியும் கேட்கிறேன்: எங்கே பிறந்தார்கள்?

குழித்துறை டீச்சர்:
கேப் வெர்டேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர், 2025 அக்டோபரில் எஸ்வாட்டினியை 3-0 வென்று தகுதி பெற்றார்கள். அவர்களின் பிகோ லோபஸ் பிறந்து வளர்ந்தது டப்ளினில். கோச் லிங்க்ட்இன்னில் போர்த்துக்கீசிய மொழியில் அழைப்பு அனுப்ப, ஏதோ விளம்பரம் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டார். அப்பாவின் நாட்டுக்காகத்தான் இப்போது ஆடுகிறார். நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் வளைகுடாவில் பிறந்தவர்கள்தானே? ஊர்த் திருவிழாவுக்கு வந்தால் "நீ வெளியூர்" என்றா சொல்கிறோம்?

வடசேரி வாசகன்:
டீச்சர், கேப் வெர்டே 1975இல் விடுதலை வாங்கிய தனி நாடு. குராசோ அப்படியா?

பழைய கோலி:
டச்சுக்காரனுக்கும் நமக்கும் கணக்கு 1741இலேயே தீர்ந்தது மக்கா. குளச்சல் கரையில் மண்டியிட வைத்து அனுப்பினோம். அன்று பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இன்றும் இருக்கிறது. அவன் பி டீமுக்கு நாம் ஏன் கொடி கட்ட வேண்டும்?

வடசேரி வாசகன்:
வென்றது மார்த்தாண்ட வர்மாவின் படை. "நாம்" எங்கிருந்து வந்தோம்? அங்கே தோற்றது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, குராசோவை 1634இல் பிடித்தது டச்சு மேற்கிந்தியக் கம்பெனி. சரித்திரத்தைக் குழப்ப வேண்டாம்.

பழைய கோலி:
ராஜா மட்டும் தனியாக நின்றா சண்டை போட்டார்? கரைக்காரர்கள் துடுப்பைத் தோளில் வைத்து வரிசையாக நின்று பயம் காட்டிய கதையை எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேட்டுத்தெருவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

வடசேரி வாசகன்:
பாட்டி கதையெல்லாம் ஆதாரம் இல்லை, வே.

பத்தாம் நம்பர்:
போரை விடுங்கள், பந்துக்கு வாருங்கள். அண்ணாச்சி "பி டீம்" என்கிறாரே, 2019 ஜூனில் தாய்லாந்து கிங்ஸ் கோப்பையில் அந்த பி டீமிடம்தான் இந்தியா தோற்றது. மூன்றுக்கு ஒன்று! அந்தத் தொடருக்குப் போன இந்திய அணியில் நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜும் இருந்தார். இந்தியா ஆடுகிற அணியில் நம் கடற்கரைப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று அன்றைக்கு எங்கள் கரையில் எத்தனை பேர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? ஒரு பெயருக்கே அப்படி என்றால், ஒரு தீவுக்கே தன் பெயர் உலகக் கோப்பை அட்டவணையில் வந்தால் எப்படி இருக்கும்?

ஃபாரோ தீவுகளைப் பாருங்கள். அதுவும் டென்மார்க் ராஜ்யத்துக்குள்தான். 1990இல் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. அந்த வருஷம் சொந்த ஊரில் புல்தரை மைதானம் இல்லாமல் சுவீடனில் போய் ஆடி ஆஸ்திரியாவை 1-0 வென்றார்கள். ஐ.நா.வில் இடம் இல்லை என்று அந்த கோலை அழித்துவிடுவீர்களா?

வடசேரி வாசகன்:
அவர்கள் ஃபாரோவில் பிறந்தவர்கள். குராசோக்காரர்கள் எங்கே பிறந்தார்கள்?

பத்தாம் நம்பர்:
மூன்றுக்கு ஒன்று, அண்ணாச்சி.

வடசேரி வாசகன்:
எங்கே பிறந்தார்கள்?

முட்டம் அலை:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய கோலி:
பத்தாம் நம்பர் மக்கா, பிறந்த ஊர் முக்கியமில்லை என்று இவ்வளவு எழுதுகிறாயே. போன கிறிஸ்துமஸ் டூர்னமெண்டில் செமி ஃபைனலுக்கு முன்னால் கமிட்டி மேசையில் அடித்து, எங்கள் பையன்களிடம் ஆதார் கார்டு கேட்டது யார்? பொழியூர்ப் பக்கத்திலிருந்து நாலு கெஸ்ட் பிளேயரை இறக்கினோம் என்று அரை மணி நேரம் ஆட்டத்தை நிறுத்தியது யார்?

பத்தாம் நம்பர்:
அது வேறு, இது வேறு. ஃபிஃபா விதிப்படி அந்த நாட்டுக் குடியுரிமையோடு, அப்பா அம்மாவிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் அந்த மண்ணில் பிறந்திருந்தால் ஆடலாம். உங்கள் நாலு பேருக்கும் அந்த ஊரில் பாட்டி கிடையாது. காசு கொடுத்துக் கூட்டி வந்தீர்கள்.

பழைய கோலி:
ஒருவனுக்கு உண்டு. அம்மையைப் பெற்ற பாட்டி, கோயிலுக்குப் பின்னால் வீடு.

பத்தாம் நம்பர்:
மற்ற மூன்று பேர்?

வடசேரி வாசகன்:
அதைத்தானே தம்பி நானும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கே பிறந்தார்கள்?

பத்தாம் நம்பர்:
அண்ணாச்சி, இது எங்கள் கரை விஷயம், நீங்கள் உள்ளே வராதீர்கள். கோலி, அந்த மூன்று பேர் விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு இரண்டாவது கோல் அடித்தவனும் அதில் ஒருவன். அது ஆஃப்சைடு வேறு.

பழைய கோலி:
ஆஃப்சைடா? நான் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால்தான் நின்றேன்.